மலைமேல நான் வெட்டுன வாய்க்கா

மூணு வருஷத்துக்கு முந்தி, சித்திரை மாசக் கடைசியில, மூணாறுக்குப் பக்கத்துல இருக்கற இரவிகுளம் தேசியப் பூங்காவுல நடந்தது இது. நான் பாலக்காட்டுக்குக் கெழக்க, நல்லேப்பிள்ளியில வயல் பாக்கற பொம்பளை. வரையாடு எண்ண மலையேறிப் போனேன்னு சொன்னா எங்க ஊர்ல இன்னைக்கும் சிரிப்பாங்க. சிரிக்கட்டும். அதைவிடப் பெரிய கூத்து ஒண்ணை அங்க போய்ப் பண்ணிப்போட்டுத்தான் வந்தேன். எங்க ஊர்ல அது எங்க ஊட்டுக்காரருக்கும் என்ற பொண்ணுக்கும் மட்டுந்தான் தெரியும். இன்னைக்கு உங்களுக்கும் சொல்லிப்போடறேன்.

பொண்ணு அப்ப காலேஜ்ல விலங்கியல் படிச்சுட்டு இருந்தா. வருஷா வருஷம் அந்த மலைல வரையாட்டுக் கணக்கு எடுப்பாங்களாம், அதுக்கு வெளியாளுகளையும் சேத்துக்குவாங்களாம். இவ பேர் குடுத்துட்டு வந்து நிக்கறா. நாலு நாளு, காட்டுக்குள்ள, போனு எடுக்காது. எங்க ஊட்டுக்காரர் ஒரே வார்த்தைல வேண்டாமுன்னுட்டாரு. புள்ள ரெண்டு நாளா சோறு திங்கல. எனக்கு மனசு கேக்கல. "அப்ப நானும் கூடப் போறேனுங்க"ன்னேன். ரெண்டாம் போகம் அறுத்து வயலு சும்மாதான் கெடந்துது. நாள் முச்சூடும் வரப்புல நடக்கறவளுக்கு நடை என்ன பெருசு? பொண்ணுக்குத்தான் மானம் போச்சு. அம்மாவக் கூட்டிட்டு ஆட்டை எண்ணப் போற ஒரே ஆளு நாந்தான்னு பஸ்ல அழுதுட்டே வந்தா.

பொள்ளாச்சி, உடுமலைன்னு போய்ச் செக்போஸ்ட் தாண்டுனா, மொதல்ல முள்ளுக்காடு. எங்க ஊரு வெயிலே பரவால்லைங்கற மாதிரி வெயிலு. அப்புறம் மறையூர்ல கரும்பும் சந்தனமரமும். அதுக்கும் மேல தேயிலை. ஜன்னல் கம்பியத் தொட முடியாம கையை இழுத்துக்கிட்டவ, மூணு மணி நேரத்துல சேலைத் தலைப்பை எடுத்துக் காதைச் சுத்திக்கிட்டேன். ஒரே நாள்ல சித்திரையில இருந்து மார்கழிக்குப் போய்ட்டாப்பல இருந்துது.

மூணாறுல ஒரு நாள் வகுப்பு எடுத்தாங்க. மறுநாள் காலைல ஒவ்வொரு குழுவையும் ஒவ்வொரு பக்கம் அனுப்புனாங்க. எங்க குழுவுல நானு, பொண்ணு, கூடக் காட்டைக் காவல் காக்கற வாட்ச்சரு ஒருத்தரு. முதுவருங்கற மலை ஜனத்துல பொறந்தவரு, முப்பத்தஞ்சு வயசு இருக்கும். பேச்சு ரொம்பக் கம்மி. நான் தம்பின்னு கூப்பிட்டேன், அவரு அக்கான்னு கூப்பிட்டாரு. ஜீப் நின்ன எடத்துல இருந்து மூணு மணி நேரம் நடந்தோம். வாழ்க்கைல மொதத்தடவையா சுடிதாரு போட்டுக்கிட்டு, அட்டை ஏறாம இருக்க முழங்கால் வரைக்கும் துணி உறையும் மாட்டிக்கிட்டு நான் நடந்த கோலத்தை எங்க ஊர்ல யாரும் பாக்கலை, நல்லவேளை.

மேல ஏறுனதும் அப்படியே நின்னுட்டேனுங்க. காடுன்னா மரம்னு நெனச்சுட்டுப் போனவ நான். அங்க பாத்தா கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் புல்லு. குன்னு மேல குன்னு, எல்லாம் புல்லு. மலை மடிப்புல மட்டும் சோலை. குட்டை குட்டையா மரங்க, கெளை முழுக்கப் பாசி தொங்குது, உள்ள ஓடை சத்தம் கேக்குது. தூரத்துல ஆனைமுடி. தெக்கத்தி நாட்டுலயே ஒசரமான மலை அதுதான், மொட்டைப் பாறையா மேகத்துக்குள்ள போறதும் வர்றதுமா இருந்துது. வழியோரம் முழங்கால் ஒசரத்துக்குச் செடி மண்டிக் கெடந்துது. அதுதான் குறிஞ்சின்னாரு தம்பி. பூக்கறதுக்குப் பன்னெண்டு வருஷம் ஆகோணும், அதுவரைக்கும் சும்மா பச்சையா நிக்கும்.

இவ்வளவு பூமி சும்மா கெடக்குதேன்னுதான் எனக்கு மொதல்ல தோணுச்சு. மறைச்சு என்ன ஆகப்போகுது? கண்ணு பாக்கறப்பவே கை கணக்குப் போடுது. இங்க உருளைக்கெழங்கு வரும், அங்க பீன்ஸ் வரும். தம்பிகிட்டக் கேட்டும் போட்டேன். தை மாசத்துல இங்க உறைபனி விழும், தேயிலையே கருகிப் போகும்னு சொன்னாரு. அதனாலதான் எஸ்டேட்டுக்கார வெள்ளைக்காரங்க இந்த மேட்டுல செடி வைக்காம வேட்டைக்குன்னு விட்டிருந்தாங்களாம். அப்புறம் ஆடு கொறஞ்சு போகுமோன்னு பயந்துபோய், சுட வந்தவங்களே காவலுக்கு ஆள் போட்டிருக்காங்க. அந்தக் காவல் வேலைக்குப் போனது இவரோட ஜனந்தான், இவரு தாத்தாவும் அதுல ஒருத்தரு. பின்னால சர்க்கார் எடுத்து மொதல்ல சரணாலயமாக்கி, அப்புறம் தேசியப் பூங்காவாக்குனாங்க. இதையெல்லாம் அவரு பெருமைக்குச் சொல்லலை. நம்ம ஊட்டுக் கெணத்தை யாரு தோண்டுனதுன்னு கேட்டாச் சொல்லுவம்ல, அப்படிச் சொன்னாரு.

நாங்க தங்குன குடிசை ரெண்டு சரிவுக்கும் நடுவுல, கழுத்து மாதிரி ஒரு எடத்துல இருந்துது. "இங்க விழுகற மழை இந்தப் பக்கம் போனா மேக்க பெரியாத்துக்கு, அந்தப் பக்கம் போனா கெழக்க உங்க தமிழ்நாட்டுக்கு"ன்னாரு தம்பி. நான் தமிழ்நாடு இல்லைங்க, பாலக்காடுன்னேன். சிரிச்சாரு. அந்த நாலு நாள்ல அவரு சிரிச்சது ரெண்டே தடவைதான், அதுல இது ஒண்ணு.

மறுநாள் காலைல எண்ணப் போனோம். பொண்ணு கைல தாளு, பேனா, தொலைநோக்கி. எனக்கு ஒண்ணும் குடுக்கலை. பாறைச் சரிவுல ஒரு கூட்டம் நின்னுது. அம்மாடி! நாம நிக்கப் பயப்படற பாறைல, ஊட்டுப் படி எறங்கற மாதிரி எறங்குதுங்க. குட்டிக ஒண்ணை ஒண்ணு முட்டிக்கிட்டு வெளையாடுது. ஒரு பெரிய கெடா, முதுகுல வெள்ளையா ஜமுக்காளம் போட்டாப்பல, தனியா நின்னு எங்களையே பாத்துது. பொண்ணு எண்ண ஆரம்பிக்கறதுக்குள்ள மேகம் வந்து மூடிருச்சு. தெளிஞ்சா எல்லாம் எடம் மாறி நிக்குது. அவ முழிக்கறா. நான் சொல்லிட்டேன்: பொட்டை பதினாறு, குட்டி ஒம்பது, கெடா ரெண்டு. தம்பி என்னைத் திரும்பிப் பாத்தாரு. அவரு எண்ணுனதும் அதேதான். இருபது வருஷமாப் பொழுதோட பட்டிக்குத் திரும்பற ஆட்டை எண்ணறவளுக்கு இது என்ன பெரிய வித்தையா? ஆனா சும்மா சொல்லக் கூடாது, தலைக்கனம் ஏறிருச்சு. அந்தத் தலைக்கனம்தான் மத்தியானம் என்னை ஆட்டிவெச்சுது.

திரும்பி வர்றப்ப முட்டி வீங்கிப்போச்சு. நீங்க இருங்கக்கா, நாங்க அந்த மேட்டை மட்டும் பாத்துட்டுச் சாயந்தரத்துக்குள்ள வந்தர்றோம்னு சொல்லிட்டுத் தம்பியும் பொண்ணும் கெளம்பிட்டாங்க. குடிசைல நான் ஒருத்தி. எனக்குச் சும்மா உக்காந்தாக் கை நமநமங்கும். பாத்திரம் கழுவி வெச்சேன். கூட்டுனேன். அப்புறம் தண்ணி எடுக்கப் போனேன்.

குடிசைக்குக் கீழ, கெழக்கச் சரிவுல ஒரு ஊத்து. அதுக்குப் போற வழில, அந்தக் கழுத்து மேட்டுலயே, ஒரு பத்து சென்ட் எடம் சொதசொதன்னு கெடந்துது. கறுப்பு மண்ணு, மேல கோரை மாதிரி புல்லு, காலை வெச்சாக் கணுக்கால் முங்குது. நேத்தே என்ற பொண்ணு அதுல வழுக்கி விழுந்திருந்தா. எனக்குப் பாக்கப் பாக்கப் பொறுக்கலை. எங்க ஊர்ல தண்ணி தேங்குன எடத்தைப் பாத்துட்டு ஒரு வெவசாயி சும்மா தாண்டிப் போனா அவனுக்குப் பேரே வேற. வேர் அழுகிப் போகும், வடிச்சு உடோணும், அவ்வளவுதான் நமக்குத் தெரிஞ்ச சட்டம். குடிசை ஓரத்துல ஒரு மம்பட்டி சாத்தி வெச்சிருந்தாங்க. ஆனை வராம இருக்கச் சுத்திலும் எடுத்த பள்ளத்தைச் சரிபண்றதுக்கு வெச்சிருந்தது. எடுத்தேன். புள்ளைகளுக்கு வழி காஞ்சு கெடக்கட்டும், தம்பியும் தெனம் இதுலதானே நடக்கறாருன்னு நெனச்சுட்டு வெட்ட ஆரம்பிச்சேன்.

என்ன மண்ணுங்க அது! வெண்ணை மாதிரி வெட்டுப்படுது. இருபது தப்படி நீளம், ரெண்டு கை அகலம். கெழக்க விட்டா ஊத்துல சேறு போய் விழுமேன்னு பெரிய புத்திசாலியாட்ட மேக்க வாட்டம் பாத்துத் திருப்பி உட்டேன். கடைசி வெட்டு வெட்டுனதும் தண்ணி கலகலன்னு ஓடுச்சு. நின்னு பாத்தேன். எனக்கே என்மேல அவ்வளவு சந்தோசம்.

நாலு மணிக்கு ரெண்டு பேரும் வந்தாங்க. "எப்படி இருக்குது தம்பி?"ன்னு கேட்டேன். அவரு பையைத் தூக்கிப் போட்டுட்டு ஓடுனாரு. முட்டி போட்டு உக்காந்து, போட்டிருந்த சட்டையைக் கழட்டிச் சுருட்டி வாய்க்கா வாயில வெச்சு அமுக்குனாரு. தண்ணி அதையும் தள்ளுச்சு. அப்படியே உக்காந்து கையாலயே புடிச்சுக்கிட்டாரு. எனக்கு ஒண்ணுமே புரியலை.

அப்புறந்தான் சொன்னாரு, சத்தம் போடாம. கார்த்திகையோட மழை நிக்குதுக்கா. அதுக்கப்புறம் அஞ்சாறு மாசம் அந்த ஊத்து ஓடறது இந்தச் சதுப்பாலதான். பஞ்சு மாதிரி மழைய உறிஞ்சி வெச்சுக்கிட்டுச் சொட்டுச் சொட்டாக் கெழக்க விடுது. அந்த ஓடைலதான் கீழ எங்க குடிக்கு ஓசுக் குழாய் போட்டிருக்கோம். அவங்க ஜனம் இருக்கற ஊரைத்தான் குடிங்கறாங்க. "குடிக்க, பொழங்க எல்லாத்துக்கும் அந்த ஒரு ஓசுதான். இடவப்பாதி மழைக்கு, அந்தத் தென்மேக்குப் பருவமழைக்கு, இன்னும் ஒரு மாசம் கெடக்கு. நீங்க மேக்க தொறந்து விட்டுட்டீங்கக்கா."

அவ்வளவுதான் சொன்னாரு. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். திட்டுனது பொண்ணு.

"ஏம்மா, போற எடமெல்லாம் உன்ற வயலாம்மா?"

அந்தக் கேள்வி இன்னைக்கும் காதுல நிக்குது. அழுகை முட்டிக்கிட்டு வந்துது. ஆனா அழுகறதுக்கு நேரமில்லை, தண்ணி ஓடிட்டே இருந்துது. ஒரு மடை ஒடஞ்சா அடைக்கறதுக்கு எனக்குத் தெரியும், அந்த ஒண்ணாச்சும் எனக்குத் தெரியும். பக்கத்துல புல்லோட ரெண்டு கட்டி மண்ணை வெட்டப் போனேன். தம்பி கையைப் புடிக்காத கொறையாத் தடுத்தாரு. இங்க ஒரு கட்டி வெட்டுனா அது இன்னொரு ஓட்டைக்கா, வெட்டி எறிஞ்சதையே பொறுக்கித்தான் வைக்கணும்னாரு. நான் எறிஞ்ச கட்டியெல்லாம் சரிவுல உருண்டு கெடந்துது. மூணு பேரும் பொறுக்குனோம். முட்டி வலி எங்க போச்சுன்னே தெரியலை.

சும்மா ரொப்புனா ஒரே ராத்திரில அறுத்துட்டுப் போயிரும்னு நான் சொன்னேன். மேட்டு வயல்ல தண்ணி பாய்ச்சறவங்களுக்குத் தெரியும், வாட்டம் இருக்கற வாய்க்காவை ஒரேயடியா அடைக்க முடியாது. நாலு தப்படிக்கு ஒரு தடுப்பு வெச்சு, படிப்படியா வேகத்தைக் கொன்னுதான் அடைக்கோணும். தம்பி யோசிச்சாரு, சரின்னாரு. அவரு சோலைல விழுந்து கெடந்த குச்சியும் கல்லும் கொண்டாந்தாரு, நான் தடுப்பு கட்டுனேன், பொண்ணு புல்லுக்கட்டியைப் பச்சை மேல வர்ற மாதிரி பொருத்திப் பொருத்தி மிதிச்சா. கிழிஞ்ச சேலைக்கு ஒட்டுப் போடற வேலைதான். கட்டி பொறுக்கறப்ப ஒரு எடத்துல, நகத்தளவு இருக்கும், செக்கச்செவேல்னு ஒரு தவளை உக்காந்திருந்துது. உலகத்துல இந்த மலைய விட்டா வேற எங்கயும் இது இல்லம்மான்னு பொண்ணு சொன்னா. அதை மிதிச்சுட்டனோன்னு காலைத் தூக்கித் தூக்கிப் பாத்தேன். பொழுது எறங்கறதுக்குள்ள ஒருவழியா அடைச்சு முடிச்சோம்.

விடிஞ்சு போய்ப் பாத்தா, நேத்து மணிக்கட்டுத் தண்டி விழுந்துட்டு இருந்த ஊத்து, சுண்டுவெரல் தண்டி. மனசு ஒடஞ்சுபோச்சுங்க. அன்னைக்கு ஆடு எண்ணப் போனேன், எண்ணுனேன், ஆனா கண்ணு முன்னால அந்தச் சுண்டுவெரல்தான் நின்னுது. கீழ எவ ஒருத்தியோ கொடத்தை வெச்சுட்டு அந்த ஓசுக் குழாயவே பாத்து நிக்கறாளோன்னு நெனச்சா வாய்ல சோறு போகலை.

அன்னைக்கு மத்தியானம் கோடை மழை புடிச்சுது. இடின்னா இடி, புல்லு மேட்டுல ஒதுங்க ஒரு மரம் கெடையாது. எல்லாரும் குடிசைக்கு ஓடி வந்தோம். மழைய நம்புனவ நான், அன்னைக்கு மழையப் பாத்துப் பயந்தேன். நாங்க அடைச்ச மடை பச்சை மடை, வெள்ளம் வந்தா அறுத்துக்கிட்டு மேக்க போயிரும். இடி கொஞ்சம் தள்ளிப் போனதும் நான் எறங்கி ஓடிட்டேன். பின்னாலயே பொண்ணு. அப்புறம் தம்பி. நடுத் தடுப்புல ஒரு ஓரம் கசிய ஆரம்பிச்சிருந்துது. கல்லை எடுத்து வெச்சு, நானும் பொண்ணும் கையைக் கோத்துக்கிட்டு அது மேல மிதிமிதின்னு மிதிச்சோம். பொண்ணு திடீர்னு சிரிச்சுப்போட்டா. தம்பியும் சிரிச்சாரு. ரெண்டாவது தடவை அதுதான். மடை நின்னுது.

நாலாம் நாள் காலைல ஆபீசரு ஒருத்தரு ஆட்டுக் கணக்குத் தாளு வாங்க வர்றாருன்னு தெரிஞ்சுது. தம்பி என்கிட்ட மெதுவா வந்து, காட்டுப்பன்னி கிண்டிருச்சுன்னு சொல்லிக்கலாம்க்கா, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்கன்னாரு. எனக்குச் சுருக்குன்னுது. வெளியாளைத் தனியா உட்டுட்டுப் போனதுக்கும், மம்பட்டி என் கைக்கு வந்ததுக்கும் பதில் சொல்ல வேண்டியவரு அவருதான். அவருக்கு நெரந்தர வேலை கூடக் கெடையாது. நான் செஞ்ச தப்புக்கு அவரு பொய் சொல்லோணுமா? அப்படியும் அவரு என்னைக் காப்பாத்தத்தான் பாத்தாரு. அந்தப் பெரிய மனசை நெனச்சா இப்பவும் கண்ணு கலங்குது.

ஆபீசரு வந்ததும் நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுனேன். "நாந்தானுங்க வெட்டுனேன், வயல்னு நெனச்சு வெட்டிட்டேன். இந்தத் தம்பி அப்ப இங்க இல்லைங்க, இருந்திருந்தா உட்டிருக்க மாட்டாரு"ன்னேன். அவரு மலையாளமும் தமிழும் கலந்து பேசற மனுசன். ரொம்ப நேரம் சதுப்பைச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. குனிஞ்சு ஒவ்வொரு தடுப்பையும் தொட்டுப் பாத்தாரு. இது ஆரு அடைச்சதுன்னு கேட்டாரு. மூணு பேருந்தானுங்கன்னேன். குடிசைல இருந்த ரிஜிஸ்டரை எடுத்து என்கிட்டக் குடுத்தாரு. வந்தவங்க எல்லாம் என்னென்ன பாத்தோம்னு எழுதற நோட்டு அது. ஆனை, புலிக் காலடி, கழுகுன்னு அழகழகா எழுதியிருந்தாங்க.

"வெட்டியதும் எழுதணும், அடைச்சதும் எழுதணும். அடுத்து வர்றவங்க படிக்கட்டே"ன்னாரு.

எழுதுனேன். என்ற பேரு, ஊரு, வெட்டுன நீளம், அகலம், அடைச்ச விதம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தம்பியை அவரு ஒரு வார்த்தை சொல்லலை. போறப்ப அந்த மம்பட்டியை மட்டும் உள்ள வெச்சுப் பூட்டச் சொல்லிட்டுப் போனாரு.

ஊட்டுக்கு வந்தும் எனக்கு நிம்மதி இல்லைங்க. மழை பேஞ்சதால ஊத்து ஏறுச்சா, சதுப்பு நெசமாவே தாங்குச்சான்னு யாரு சொல்ல முடியும்? மழை நின்ன மறு வாரந்தான் தெரியும். தம்பிகிட்டப் பொண்ணு நம்பர் குடுத்துட்டு வந்திருந்தா, தெனம் அவகிட்ட, போனு வந்துச்சா வந்துச்சான்னு நச்சரிச்சேன். மூணு வாரம் கழிச்சு, வைகாசி நடுவுல, ஒரு நாள் மத்தியானம் சோத்துல கை வெச்சப்ப வந்துது. ரேஞ்சு கெடைக்கற பாறை மேல ஏறி நின்னு கூப்பிட்டிருக்காரு, காத்து அடிக்கற சத்தம் கேட்டுது. "அக்கா, ஓசுல தண்ணி நிக்கல. வந்துக்கிட்டே இருக்கு. உங்க மடையில புல்லு மொளச்சிருச்சு." எச்சிக்கையோட உக்காந்து அழுதேன். எங்க ஊட்டுக்காரர் பயந்துபோய் யாருக்கு என்ன ஆச்சுன்னு ஓடி வந்தாரு.

எங்க வயல்லயும் தாழ்வா ஒரு மூலை இருக்குது, எப்பவும் சொதசொதன்னு. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து வருஷா வருஷம் அதை வடிச்சு உடறது என்ற வேலை. எங்க வயலுக்கு வர்ற ஆளியாத்துத் தண்ணியும் அதே ஆனைமலைத் தொடர்ல இன்னொரு மடிப்புல இருந்து எறங்கறதுதான், அது எனக்கு அப்ப ஒரு தடவைகூடத் தோணுனதில்லை. இப்ப மூணு வருஷமா அந்த மூலைய நான் தொடலை. கோரை மொளச்சுக் கெடக்குது, நாரை வருது. பக்கத்து வயல்காரரு வரப்புல நின்னு, "ஏனுங்க, உங்க மம்பட்டி தேஞ்சு போச்சுங்களா?"ன்னு கேலி பண்றாரு. ஆமாங்க, தேஞ்சுதான் போச்சுன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்குப் போயிருவேன்.

தம்பி இன்னமும் வருஷம் ஒரு தடவை, சித்திரை முடியறப்ப, அந்தப் பாறை மேல ஏறிக் கூப்பிடறாரு. வேற எதுவும் பேசறதில்லை, "அக்கா, ஓசுல தண்ணி வருது"ன்னு சொல்லிட்டு வெச்சிருவாரு, அதைக் கேட்டப்புறந்தான் எனக்கு அந்த வருஷத்துச் சோறு தொண்டைக்குள்ள எறங்குதுங்க.